தட்டும் கையும் வளைக்கும் கையும்: நரம்பியல் பரிசோதனை நம்பகம் பெற்ற வழி

1875-இல் ஜெர்மானிய மனநோய், நரம்புநோய் ஆய்விதழ் ஒன்று, ஒரே பொருள் பற்றிய இரண்டு கட்டுரைகளை அடுத்தடுத்து வெளியிட்டது. ஹைடல்பர்க்கில் வில்ஹெல்ம் எர்பும் பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபாலும் தனித்தனியே ஒன்றைக் கண்டிருந்தனர்: முட்டிச் சில்லின் கீழுள்ள தசைநாணைத் தட்டினால் கால் முன்னோக்கி உதைக்கிறது. காரணத்தில்தான் இருவரும் முரண்பட்டனர். எர்ப் இதைத் தண்டுவடம் வழி நிகழும் அனிச்சை என்றார். தட்டு தசையை நேரடியாகத் தூண்டுகிறது என்றார் வெஸ்ட்ஃபால். தட்டுக்கும் உதைப்புக்கும் இடைப்பட்ட நேரம் தண்டுவடம் வரை போய்த் திரும்பப் போதாது என்று லண்டனில் கௌவர்ஸும் ஐயுற்றார். ஒரே ஒரு நரம்பிணைப்பைக் கடக்கும் மிகக் குறுகிய பாதை இது என்று உடலியலாளர் லாயிடின் ஆய்வுகள் உறுதிசெய்வதற்குள் 1940-கள் வந்துவிட்டன. அதற்குள் முட்டி அனிச்சை உலகெங்கும் அன்றாடப் பரிசோதனையாகிவிட்டிருந்தது. விளக்கமே தீராத ஒரு குறியை மருத்துவர்கள் எப்படி நம்பினர்? நோயாளியின் எதிர்வினையை அளப்பதற்கு முன்பே, மருத்துவர் தாம் செய்வது என்ன என்பதை வரையறுத்துக்கொண்டதே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தட்ட வேண்டிய இடம் திட்டமாக இருந்தது. கால் தளர்ந்து தொங்க வேண்டும் என்பதும் தெளிவு. 1880-களில் புடாபெஸ்டின் யெண்ட்ராசிக், நோயாளி இரு கைவிரல்களையும் கோத்து இழுக்கும்போது அனிச்சை வலுப்பதைக் காட்டினார். உடலின் நிலையும் இதனால் பரிசோதனை விதிக்குள் வந்தது. நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலையே பயன்படுத்திவந்த நிலை மாறி, அனிச்சைக்கென்றே ஒரு சுத்தியலை 1888-இல் பிலடெல்பியாவின் டெய்லர் வடிவமைத்தார். 1896-இல் பாபின்ஸ்கி உள்ளங்காலைத் தூண்டிக் கட்டைவிரல் மேல்நோக்கி நிமிர்வதைச் சுட்டிக்காட்டிய சிறு குறிப்பின் வலிமையும் இதே தெளிவில்தான் இருக்கிறது: தூண்டலும் ஒன்று, விடையும் ஏறக்குறைய ஆம், இல்லை என்று அமைவது. ஒத்தியக்கச் சோதனைகளுக்கு இந்த ஒழுங்கை முதல் உலகப் போர் தந்தது. தோட்டாக் காயத்தால் சிறுமூளையின் ஒரு பக்கம் சிதைந்த வீரர்களை ஆராய்ந்து கார்டன் ஹோம்ஸ் 1917-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் வியக்கத்தக்கது. சிறுமூளைக் கோளாறு அதே பக்கத்து உறுப்புகளைப் பாதிப்பதால், அந்த வீரரின் மறுபக்கக் கையே ஒப்பீட்டு அளவுகோலானது. விரலால் மூக்கைத் தொடுதல், உள்ளங்கையை விரைந்து மாற்றி மாற்றிப் புரட்டுதல் ஆகியவை இரு பக்கமும் ஒரே கட்டளையில் செய்யப்பட்டன.

தசையின் இறுக்கத்துக்கு மட்டும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. மூட்டை வளைக்கும் மருத்துவரின் கையே தூண்டும் கருவி. தடையை உணரும் கருவியும் அதுவே. 1964-இல் ஆஷ்வொர்த், பல்திசு இறுகல் நோயாளிகளுக்கு ஒரு மருந்தைச் சோதிக்கையில் 0 முதல் 4 வரை ஐந்து படிகளை வகுத்தார். எண் வந்தது, கையின் வேகத்துக்கு வரையறை வரவில்லை. விறைப்பு என்பது இழுக்கும் வேகத்தைப் பொறுத்தே கூடுகிறது என்று லான்ஸ் 1980-இல் வகுத்த வரையறையோடு சேர்த்துப் பார்த்தால் இக்குறையின் ஆழம் புரியும். ஒரே முழங்கையை மெதுவாக நீட்டுபவரும் விரைந்து நீட்டுபவரும் வெவ்வேறு படிகளைத் தரக்கூடும். இருவரும் பிழை செய்யவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. 1987-இல் பொஹானனும் ஸ்மித்தும் அதே அளவுகோலைத் திருத்தி, 30 நோயாளிகளைச் சோதித்த இருவரின் மதிப்பீடுகளிடையே 86.7 விழுக்காடு ஒப்புதலைக் காட்டினரே? காட்டினர், ஆனால் முழங்கை ஒன்றை மட்டும், ஏறத்தாழ ஒரு வினாடியில் நீட்ட வேண்டும் என்ற விதியோடு. கால் தசைகளில் பின்னர் நடந்த சோதனைகள் அத்தகைய ஒப்புதலைத் தரவில்லை. ஆகவே அந்த எண்ணிக்கை என் வாதத்துக்கு அரண் சேர்ப்பதாகவே கொள்கிறேன். இன்னொரு மறுப்பு வலுவானது: சுத்தியல் இருந்தும் அனிச்சையின் படிகளில் மருத்துவர்கள் வேறுபடுகிறார்களே என்பது. உண்மைதான். தூண்டலை வரையறுப்பது எல்லா ஐயத்தையும் போக்காது. ஆனால் அனிச்சை 2-ஆ 3-ஆ என்ற பிணக்கு, இடமும் வலமும் வேறுபடுகின்றனவா என்ற கேள்விக்குக் குறுக்கே நிற்பதில்லை. நோயின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் காட்டுவது அந்தக் கேள்விதான்.

வேகத்தை வரையறுக்கும் தேவையை 1950-களிலேயே உணர்ந்தவர் பிரான்சின் தார்தியூ. அவர் முறையின் இன்றைய வடிவில் மூட்டு முதலில் மிக மெதுவாகவும் பிறகு இயன்ற விரைவிலும் அசைக்கப்பட்டு, இரு முறையும் தடை எழும் கோணம் குறிக்கப்படுகிறது. இரு கோணங்களுக்கும் இடைவெளி பெரிதானால் மிகுந்த அனிச்சையே முதன்மைக் காரணம். தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி அப்போது உதவக்கூடும். இடைவெளி சிறிதாகவும் மூட்டு மெதுவான அசைவிலேயே தடைபடுவதாகவும் இருந்தால் தசையே குறுகிவிட்டது. அங்கே நீட்சிப் பயிற்சி, மாவுக்கட்டு, சில வேளைகளில் அறுவைச் சிகிச்சை என வழி மாறுகிறது.