ஈரல் சுருக்க நோயில் வாயிற்சிரை இரத்த உறைவு

குடலிலும் மண்ணீரலிலும் இருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டு செல்வது வாயிற்சிரை. கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இதன் வழியாகச் செல்கிறது. சிரோசிஸ் எனும் ஈரல் சுருக்க நோயில் கல்லீரல் தழும்பேறி இறுக, இச்சிரையில் ஓட்டம் மந்தமாகி இரத்தம் உறையக்கூடும். பலருக்கு அறிகுறியே இராது. டாப்ளர் ஸ்கேனில்தான் தெரியவரும்.

இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு கூடிய சிரோசிஸ் நோயாளிக்கு இரத்தம் உறையாது என்று முன்பு நம்பினார்கள். அது தவறு. உறையவைக்கும் புரதங்களோடு உறைவைத் தடுக்கும் புரதங்களும் குறைகின்றன. ஐஎன்ஆர் முதல் வகையை மட்டுமே காட்டும்.

சிரைக்குள் இருப்பது வெறும் உறைவா, ஈரல் புற்றின் நீட்சியா என்பதை முதலில் சிடி அல்லது எம்ஆர்ஐ மூலம் பிரித்தறிய வேண்டும். அடுத்தது எண்டோஸ்கோப்பி. உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் இருந்தால் வளையமிட்டுக் கட்டுவார்கள், அல்லது கார்விடிலால் போன்ற மாத்திரை தருவார்கள். பவேனோ 7 வழிகாட்டுதல்களின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட உறைவு முதன்மை வாயிற்சிரையை 50 விழுக்காட்டுக்கு மேல் அடைத்திருந்தாலோ, நோயாளி ஈரல் மாற்றுக்குக் காத்திருந்தாலோ உறைவெதிர்ப்பு மருந்து தேவை. எனாக்சபாரின் ஊசி, வார்ஃபரின், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் பயன்படுகின்றன. ஈரல் நோய் முற்றிய சைல்டு-பியூ 'சி' நிலையில் புதிய மாத்திரைகள் ஏற்றவையல்ல. மருந்து பலிக்காதபோது டிப்ஸ் எனும் உட்குழாய் பொருத்தும் முறை உண்டு.

நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் மருந்தைத் தேர்வதில் தொலைவுக்கும் இடமுண்டு. வார்ஃபரினுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். எஸ்டேட் லைனில் குடியிருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகும். ஈரல் நோயே ஐஎன்ஆரைக் கூட்டிவிடுவதால் மருந்தின் அளவைக் கணிப்பதும் சிக்கல். இங்கே விளையும் முட்டைக்கோஸிலும் கீரையிலும் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும்; அவற்றை விலக்க வேண்டியதில்லை, அளவை மாற்றாமல் உண்டால் போதும். 1952-இல் லேமன், கட்பஷ் ஆகிய ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணு இரத்தப் பண்பைப் பதிவு செய்தனர். அரிவாளணு நோய் உறைவுப் போக்கைக் கூட்டுவதால் பழங்குடி நோயாளிகளிடம் அதையும் சோதிப்பது நல்லது.

ஊட்டியில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அங்கிருந்து கோவைக்குப் போவதென்றால் ஏறத்தாழ 85 கி.மீ. மலைப்பாதைத் தொலைவு. ஆகவே உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவருக்கு இரத்த வாந்தி வந்தாலும், மலம் தார்போல் கறுத்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.