நோயாளியிடம் பேசும் முறை

கிரிமியப் போரில் காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பணிவிடை செய்ய 1854இல் துருக்கியின் உஸ்குதார் நகருக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேலை 'விளக்கேந்திய மாது' என்றே நாம் அறிவோம். பேச்சையும் அவர் பணிவிடையாகவே கருதினார். செவிலியம் குறித்து 1859இல் அவர் வெளியிட்ட நூல், நோயாளி கழுத்தைத் திருப்ப நேராதவாறு கண்ணெதிரே அமர்ந்து பேசுமாறு கூறுகிறது. நோயாளியின் அருகே கிசுகிசுப்பதைக் கொடுமை என்கிறது. தம்மைப் பற்றித்தானோ என்று அவர் செவிசாய்த்துத் துடிப்பாரன்றோ! 'விரைவில் குணமாகிவிடும்' என்னும் வெற்று ஆறுதலைச் சாட ஓர் அத்தியாயமே உண்டு. நோய் விசாரிக்கச் செல்லும் நாம் சொல்வதும் அதுதானே!

மறு ஆண்டே லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பின்னாளில் உரையாடலையே பாடமாக்கினார் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ். 1950களில் அவர், மனநோயாளிகளுடன் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதிவருமாறு மாணவியரைப் பணித்து, அந்த ஏடுகளைக் கொண்டே பாடம் நடத்தினார்.