உறங்கும் கிருமி – 7: காவல்காரன் யார்?

சென்ற வாரம், பிக்கரிங்கில் என் பக்கத்து வீட்டு அம்மாவின் விலாவில் ஒரு பக்கம் மட்டும் பட்டை போட்டதுபோல் கிளம்பிய கொப்புளங்களோடு நிறுத்தியிருந்தேன். அக்கி. அவர் கேட்ட கேள்வி இது: "அம்மாள் ஒருக்கா வந்தால் பிறகு வரமாட்டா எண்டுதானே சொல்லுவினம், தம்பி? எனக்கு ஆறு வயதிலேயே கொப்புளிப்பான் வந்து வேப்பிலையில படுத்தெழும்பினனான்."

அம்மாள் திரும்பி வரவில்லை. போகவே இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் பெரிய ஆய்வுகூடக்காரர் இல்லை. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரின் குடும்ப மருத்துவர், எட்கர் ஹோப்-சிம்சன். அவரிடம் இருந்தது ஒரு குறிப்பேடும் அசாத்தியப் பொறுமையும். தன்னிடம் வரும் சுமார் 3,500 பேரில் யாருக்கு எப்போது அக்கி வந்தது என்று 16 ஆண்டுகள் எழுதிவைத்தார். மொத்தம் 192 பேர். எண்களை வரிசைப்படுத்தியபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. கொப்புளிப்பான் அலை அலையாக வந்து ஊர்ப் பிள்ளைகளைச் சுருட்டிப் போனது. அக்கியோ எந்த அலைக்கும் கட்டுப்படாமல், வயது ஏற ஏறக் கூடியது. வெளியிலிருந்து தொற்றும் நோய் இப்படி நடக்குமா? அப்படியானால் அது உள்ளேயிருந்துதான் வர வேண்டும்.

1965-இல் எழுதினார்: கொப்புளிப்பான் ஆறியதும் கிருமி முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்குகிறது. உடலின் எதிர்ப்பு அதை அடக்கி வைக்கிறது. கொப்புளிப்பான் வந்த பிள்ளை அருகில் வரும்போதும், பதுங்கிய கிருமி மெல்லத் தலைநீட்டும்போதும் அந்த எதிர்ப்பு புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிப்பு குறைந்து எதிர்ப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கிருமி நரம்பு வழியே தோலுக்கு வந்துவிடும். ஒரு நரம்பின் எல்லைக்குள் மட்டும் கொப்புளம் பட்டையாக நிற்பது அதனால்தான். தமிழ்நாட்டில் குயவரிடம் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொண்ட நம் பாட்டிமாருக்கும் அந்தப் பட்டை நன்றாகத் தெரியும். அதன் வேர் முதுகெலும்போரம் இருப்பதுதான் தெரியாது.

சரி, அடக்கி வைப்பது எது? எல்லோரும் முதலில் கைகாட்டியது எதிர்ப்புரதத்தை. இரத்தத்தில் மிதந்து கிருமியைப் பிடிக்கும் பொருள் அது. ஆனால் அக்கி வந்தவர்களின் இரத்தத்திலும் அது இருந்தது. பிறவியிலேயே எதிர்ப்புரதம் செய்ய முடியாத பிள்ளைகள்கூடக் கொப்புளிப்பானிலிருந்து பெரும்பாலும் தேறினார்கள். தவித்தவர்கள் வேறு ஆட்கள்: உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்காக எதிர்ப்பை அடக்கும் மருந்து தின்றவர்கள், பின்னாளில் எய்ட்ஸ் நோயாளிகள். இவர்களிடம் குறைந்திருந்தது டி அணு. பழைய பகையை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணு.

வயதாகும்போது இந்த நினைவணுக்களே குறைகின்றன. இப்போதைய அக்கித் தடுப்பூசி செய்வதும் அவற்றை உசுப்பிவிடுவதுதான். அதில் உயிருள்ள கிருமி கிடையாது, அதன் ஒரு புரதமும் அதைப் பெரிதாகக் காட்டும் துணைப்பொருளும்தான். ஒன்ராறியோவில் 65 முதல் 70 வயதுவரை இரண்டு ஊசியும் இலவசம். கதையை நிறுத்தி இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இதற்கு நேரெதிராக நடக்கும் கிருமியும் ஒன்று உண்டு. சைட்டோமெகலோ என்பது பெயர்; அதுவும் உடலில் ஆயுள் முழுக்க உறங்குவது. அதைக் காவல் காக்கும் நினைவணுக்கள் வயதோடு பெருகி, சிலரிடம் மொத்த நினைவணுக்களில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பிடித்துக்கொள்கின்றன. அதன் கதை பிறகு.

இப்போது முடிச்சு. டி அணு பழைய கிருமியை எதைக்கொண்டு அடையாளம் காண்கிறது? அதன் மேல் ஏதோ ஓர் ஏற்பி இருக்கத்தான் வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதன் மரபணுவை யாரும் கையில் பிடித்ததில்லை. பிக்கரிங்கில் ரயிலேறி டொரொண்டோவின் யூனியன் நிலையத்தில் இறங்கினால் சற்றுத் தூரத்தில் ஷெர்போர்ன் தெரு. 1980-களின் தொடக்கத்தில் அங்கிருந்த ஒன்ராறியோ புற்றுநோய் ஆய்வகத்தில், ஹொங்கொங்கில் வளர்ந்து கனடாவுக்கு வந்த டாக் மாக், டி அணுவில் இயங்கி, எதிர்ப்புரதம் செய்யும் பி அணுவில் இயங்காத மரபணுக்களைச் சலித்துக்கொண்டிருந்தார். கடைசியில் சல்லடையில் ஒன்று தங்கியது.

அதே நேரம், எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் மார்க் டேவிஸ் என்ற இளைஞரின் சல்லடையிலும் ஒன்று தங்கியிருந்தது.

(அடுத்த வாரம்)