மறதிநோயில் மருந்துக் குறைப்பு

மறதிநோய் (டிமென்ஷியா) உள்ளவர் உட்கொள்ளும் மருந்துகளில், நன்மையைவிடத் தீமை மிகுந்தவற்றை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதும் நிறுத்துவதும் மருந்துக் குறைப்பு ஆகும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது.

தீங்கு நேரும் விதம்

அல்சைமர் நோயில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தி குறைந்துவிடுகிறது. அமிட்ரிப்டிலின், டிரைஹெக்சிபெனிடைல், சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமின் போன்றவை அதன் செயலை மேலும் தடுத்து மனக்குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர்த் தடை ஆகியவற்றை உண்டாக்கும். நினைவாற்றலுக்குத் தரும் டொனெபெசில் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் செய்யும். அதைப் புது நோயாகக் கருதி, அசிட்டைல்கோலினைத் தடுக்கும் ஆக்சிபியூட்டினின் சேர்த்தால், இரு மருந்துகளும் ஒன்றையொன்று எதிர்க்கும். அமைதியின்மைக்குத் தரப்படும் புதிய தலைமுறை மனநோய் மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி

சென்னையை அடுத்த இத்தொழிற்பகுதியில் ஒரே முதியவருக்குப் பல வழிகளில் மருந்து வரக்கூடும். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டம் தொழிலாளியைச் சார்ந்துள்ள பெற்றோருக்கும் சிகிச்சை தருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே வழங்குகிறது. தனியார் கிளினிக்கும் மருந்துக்கடையும் வேறு. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாவிட்டால், அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து இரு கம்பெனிப் பெயர்களில் இரண்டு மடங்காக உள்ளே போகும். அதனால் கால் வீங்க, நீர் பிரியும் மாத்திரையும் சேரும். பிள்ளைகள் நைட் ஷிப்ட் போகும் வீட்டில், இரவில் எழுந்து நடமாடும் முதியவருக்குத் தூக்க மாத்திரை கேட்கும் நிலையும் எளிதில் வரும். அம்மாத்திரையால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம்.

முறை

கைவைத்தியம், லேகியம் உட்பட எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது முதல் படி. எதை எதற்காகத் தொடங்கினார்கள், அக்காரணம் இன்னும் உள்ளதா என்று அவர் பார்ப்பார். அமைதியின்மைக்குப் பின்னால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காது கேளாமை உள்ளனவா என்பதும் ஆராயப்படும். ஒரு நேரத்தில் ஒரு மருந்தே குறைக்கப்படும். மனநோய் மருந்தை ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை கால் முதல் அரைப் பங்குவரை குறைப்பது வழக்கம். தூக்க மாத்திரையை இன்னும் மெதுவாகக் குறைப்பார்கள். வலிப்பு, பார்க்கின்சன் மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

குறைத்தபின் தூக்கம், உணவு, நடை, நடத்தை ஆகியவற்றை வீட்டார் குறித்துவர வேண்டும். பழைய தொல்லை கடுமையாகத் திரும்பினால், மருத்துவர் மிகக் குறைந்த அளவில் அம்மருந்தை மீண்டும் தொடங்கலாம்.