எழுந்திரு

ஜெருசலேம் பழைய நகருக்குள் ஒரே கோயிலுக்கு இரண்டு பெயர். மேற்கிலிருந்து போகிறவர்களுக்கு அது திருக்கல்லறைக் கோயில். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அரபுக் கிறிஸ்தவர்கள் ‘கியாமா’ கோயில் என்பார்கள்; கிரேக்கத் துறவிகள் ‘அனஸ்தாசிஸ்’ என்பார்கள். கியாமா, அனஸ்தாசிஸ் இரண்டுக்கும் எழுதல் என்று பொருள். முதல் கோயில் 335இல் அர்ப்பணிக்கப்பட்டது. அந்த நூற்றாண்டின் கடைசியில் அங்கே போய்வந்த எகேரியா என்ற மேற்கத்தியப் பெண்கூடத் தன் லத்தீன் பயணக் குறிப்பில் அனஸ்தாசிஸ் என்றே எழுதினாள். கல்லறைப் பெயர் மேற்கில் மேலோங்கியது பிற்பாடுதான். நாமும் அதையே பிடித்துக்கொண்டோம்.

அனஸ்தாசிஸ் கோயிலில் பிறந்த சொல்லல்ல. ‘அனா’ என்றால் மேலே, ‘ஸ்தாசிஸ்’ என்றால் நிற்றல். இருக்கையை விட்டு எழுவதும் படுக்கையை விட்டு எழுவதும் அனஸ்தாசிஸ்தான். ஓர் ஊர் மக்களைக் கூண்டோடு கிளப்பி விரட்டுவதும் அதுதான். செத்தவர் எழுவதைப் பற்றிப் பேசவும் பழைய கிரேக்கர் இதே சொல்லை எடுத்தார்கள், அப்படியொன்று நடக்காது என்று சொல்வதற்காக. கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய எஸ்கிலஸின் ‘யூமெனிடீஸ்’ நாடகத்தில், ரத்தம் சிந்தி இறந்தவனுக்கு அனஸ்தாசிஸ் கிடையாது என்று அப்போலோ தேவன் வழக்காடுகிறான். அரியோபாகு குன்றின் நீதிமன்றம் எப்படித் தோன்றியது என்பதுதான் அந்த நாடகத்தின் கதை. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு கழித்து அதே அரியோபாகுவில் நின்று பவுல், இறந்த ஒருவர் எழுந்தார் என்று பேசினார். சிலர் சிரித்தார்கள். ஆன்மா சாகாது என்பது பிளேட்டோவின் ஊருக்குப் புதிதல்ல. உடம்பு திரும்புமாம் என்பதுதான் சிரிப்பை வரவழைத்திருக்கும். அதற்கு முன்பே சிலர், இவன் ஏதோ அயல்நாட்டுத் தெய்வங்களைக் கொண்டுவந்திருக்கிறான் என்றார்கள். அனஸ்தாசிஸ் பெண்பால் சொல்; அதை ஒரு பெண்தெய்வம் என்றே எண்ணிவிட்டார்கள் என்று திருச்சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம் உரை சொல்கிறார்.

பவுலின் கிரேக்கத்துக்கு முன்னால் ஓர் அரமேயச் சொல் இருக்கிறது. யவீருவின் மகள் பன்னிரண்டு வயதில் இறந்து கிடக்கிறாள். இயேசு அவள் கையைப் பிடித்துச் சொன்னதை, கிரேக்கத்தில் எழுதிய மாற்கு மட்டும் அரமேயத்திலேயே விட்டுவைத்தார்: ‘தலீத்தா கூமி’. கூமி என்றால் எழுந்திரு. பொழுது விடிந்தபின்னும் தூங்குகிற பிள்ளையை அம்மா எழுப்புகிற சொல். அரபுக் கியாமாவும், ஈஸ்டரைக் குறிக்கும் சிரியாக்குச் சொல்லான கியாம்தாவும் அந்தக் ‘கூம்’ வேரில் கிளைத்தவை. எழுந்த பெண்ணுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னதையும் மாற்கு விடாமல் எழுதியிருக்கிறார். உடம்பு எழுந்தால் பசிக்குமே.

சாவு தூக்கம் என்றால் புதைக்கும் இடம் படுக்கையறை. தூங்குமிடத்துக்குக் கிரேக்கர் வைத்திருந்த ‘கோய்மெதேரியோன்’ என்ற சொல்லைக் கிறிஸ்தவர்கள் தங்கள் இடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தின் ‘செமெட்ரி’ அதன் வாரிசு. சி.எஸ்.ஐ. குடும்பங்களின் மரண அறிவிப்பில் வரும் ‘நித்திரையடைந்தார்’ என்பதும் இதே நினைப்பு. ஈழத்தில் போராளிகளைப் புதைத்த இடங்களுக்குத் ‘துயிலும் இல்லம்’ என்று பெயர். கோய்மெதேரியோனைத் தமிழாக்கினால் அப்படித்தான் வரும். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல வரவில்லை.

தமிழுக்கு வருவோம். பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகங்களில் இறந்தவர் எழுவதற்கு ‘உத்தானம்’ என்று பெயர். விசுவாசப் பிரமாணத்தில் சரீர உத்தானம். வடமொழியில் ‘உத்’ மேலே, ‘ஸ்தா’ நில். அனஸ்தாசிஸின் ‘ஸ்தா’வும் இதுவும் ஒரே வேர். திருமால் நான்கு மாத உறக்கம் கலைந்து எழும் நாளை உத்தான ஏகாதசி என்று சொல்லும் நாட்டில், காதுக்குப் பழகிய சொல்தான். ஒரே ஒரு வேடிக்கை: மல்லாந்து கிடத்தலைக் குறிக்கும் இன்னொரு வடசொல்லும் தமிழ் எழுத்தில் உத்தானம் என்றே ஆகிவிடுகிறது. கிடப்பதும் எழுவதும் ஒரே எழுத்துக்கூட்டுக்குள்.

இன்று கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற இரண்டு சபைகளின் வேதாகமத்திலும் நிற்பது ‘உயிர்த்தெழுதல்’. கிரேக்கமும் அரமேயமும் எழுவதை மட்டும் சொல்ல, தமிழ் அதன் முன்னால் உயிர்த்தலைச் சேர்த்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் மிகைதான். ஆனால் தமிழில் பிணம் எழுந்தது என்று மட்டும் சொன்னால் அது வேதாளக் கதை. எழுந்துவந்த இயேசுவைப் பார்த்துச் சீடர்களே முதலில் ஆவியைக் கண்டதாகப் பயந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பொரித்த மீன் துண்டைத் தின்றுகாட்ட வேண்டியிருந்தது. தமிழில் அந்த மீன் துண்டின் வேலையை ‘உயிர்த்து’ செய்கிறது. உயிர்த்தல் என்றால் பழந்தமிழில் மூச்சுவிடுதல். பிரிவில் வாடும் தலைவியின் பெருமூச்சு நெட்டுயிர்ப்பு. ஈனுதலுக்கும் உயிர்த்தல் என்று பெயருண்டு. மறுபிறப்பில் உயிர் வேறோர் உடம்பைத் தேடிப் போகும். இங்கே ஆணித் தழும்போடு அதே உடம்பு. நம் இலக்கணக்காரர்களிடம் கேட்டிருந்தால் உயிர்மெய் என்று முடித்திருப்பார்கள்.

இப்போது கத்தோலிக்கர் சொல்லைச் சுருக்கி ‘உயிர்ப்புப் பெருவிழா’ என்கிறார்கள். மலையாளத்திலும் உயிர்ப்புதான். எழுதல் மட்டுமாகப் புறப்பட்ட சொல், வழியில் உயிரைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் எழுதலையே இறக்கிவிட்டது. கம்பனுக்கு உயிர்ப்பு என்றால் மூச்சு. இயேசு எழுந்த அன்று மாலை பூட்டிய அறைக்குள் வந்து சீடர்கள்மேல் ஊதினார் என்று யோவான் சொல்லும் இடத்துக்கு அந்தக் குறுஞ்சொல் நன்றாகவே பொருந்துகிறது. யவீரு வீட்டில் கேட்ட ‘கூமி’ மட்டும் அதில் கேட்பதில்லை.