நீர்க்கடுப்பும் ஒரு பிரெஞ்சுப் பெயரும்

கல்யாணமாகிப் புதுச்சேரியிலிருந்து திண்டுக்கல்லுக்கு நான் வாழ வந்தது 1974இல். வந்த மூன்றாவது வாரமே நீர்க்கடுப்பு. போனால் எரிச்சல், போகாவிட்டால் அடிவயிற்றில் வலி. என் மாமியார் நல்ல மனுஷி. "புது ஊரு, புதுத் தண்ணி. உடம்புச் சூடும்மா" என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார், நெருஞ்சி முள்ளைத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தார். நாலு நாளில் குறைந்தது. அடுத்த மாதம் மறுபடி வந்தது. அதற்கடுத்த மாதமும்.

சூடு வரும் நாள் கணக்கு எனக்கு மட்டும் புரிந்திருந்தது. என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்திருந்த இரவுக்கு மறுநாள், தப்பினால் அதற்கும் மறுநாள். இதை யாரிடம் சொல்வது? அவரிடமே சொல்லவில்லை. தலைவலி என்று தள்ளிப் படுத்தேன். அவர் என்ன நினைத்திருப்பார் என்று இப்போது யோசித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. எழுபது தாண்டிவிட்டது, இனி வெட்கப்பட என்ன இருக்கிறது என்றுதான் எழுதுகிறேன்.

ஆடிக்குப் பிறந்த வீடு போனபோது, அங்கே தாதியாக வேலை பார்த்த என் சித்தி என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். "இதுக்கா அழுதே? சிஸ்தித் த லா லூன் த மியெல்" என்றார். தேன்நிலவின் சிறுநீர்ப்பை அழற்சி என்று அர்த்தம். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒரு நோய்க்குப் பெயரே வைக்கும் அளவுக்குப் பல பெண்களுக்கு அது வந்திருக்கிறது என்பது புரிந்தது. நோய் போகவில்லை. பயம் போயிற்று.

தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரெரிச்சல் என்று பல உண்டு. வில்லங்கம் 'வெட்டை' என்ற சொல்லில் இருந்தது. சூட்டினால் வரும் எரிச்சலும் அதுதான், தகாத உறவால் ஒட்டும் மேகநோயும் அதுதான். பெண்டாட்டிக்கு எரிகிறது என்றால் புருஷன் எங்கே போய்வந்தான் என்று ஒரு வீட்டில் கேட்பார்கள். இன்னொரு வீட்டில் கேள்வி அந்தப் பெண்ணின் மேலேயே விழும். இந்த ஊரில் நான் முதலில் பார்த்த டாக்டரும் என்னைப் பரிசோதிக்காமலேயே, "உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து ரத்தம் கொடுக்கச் சொல்லுங்க" என்றார். நான் திரும்பப் போகவில்லை.

அந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'லாக் ஆஸ்பத்திரி' என்று ஒன்று வைத்திருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்களுக்கு மேகநோய் வராமலிருக்க, தாசித் தொழில் செய்பவர்கள் என்று கருதிய பெண்களைப் பிடித்து, பரிசோதித்து, அடைத்துவைக்கும் இடம். 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் என்று இந்தியா முழுமைக்கும் அதற்குச் சட்டமே வந்தது. 1888இல்தான் ரத்தானது. சிப்பாயை யாரும் அடைத்துவைக்கவில்லை என்பது வேறு கதை. வெட்டை நோயின் கிருமியை நைசர் கண்டுபிடித்ததே 1879இல். அதுவரை கண்ணால் பார்த்ததுதான் பரிசோதனை. சாதாரண எரிச்சலையும் வெள்ளைப்படுதலையும் மேகநோய் என்று எழுதி எத்தனை பேரை உள்ளே தள்ளினார்களோ!

1885இல் எஷெரிக் என்ற ஜெர்மன் மொழி பேசும் குழந்தை மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் ஒரு கிருமியைக் கண்டார்: ஈ. கோலி. எல்லோர் குடலிலும் சாதுவாகக் குடியிருக்கும் ஜீவன். அதுவே இடம் மாறிச் சிறுநீர்ப்பைக்குள் போனால் எரிச்சல். இளம் பெண்களுக்கு வரும் நீர்க்கடுப்பில் நூற்றுக்கு 75க்கு மேல் இதனால்தான். ஆணுக்குச் சிறுநீர்ப்பாதை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான், அதன் வாசலும் மலவாய்க்குப் பக்கத்தில். உறவின்போது அந்த வாசலில் இருக்கும் கிருமி உள்ளே தள்ளப்படுகிறது. இவ்வளவுதான் சங்கதி. புருஷன் யோக்கியனா, பெண்டாட்டி ஒழுக்கமானவளா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் இதைக் கேட்டுச் சொல்ல ஒரு பெண் மருத்துவர் வேண்டுமே. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்து படித்தார். அவர் முன்னின்று 1885இல் கோஷாப் பெண்களுக்கென்றே சென்னையில் ஒரு மருத்துவமனை வந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். முத்துலட்சுமி அம்மையார் பட்டம் பெற்றது 1912இல். நம் பக்கத்துக்கு அந்தக் காற்று வீச 1947 ஆயிற்று. டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் இளம் வயதில் கணவரை இழந்து, பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936இல் டாக்டரானவர். மறுமணம் செய்த கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். சின்னாளபட்டியில் சின்னதாக ஆரம்பித்த வைத்தியசாலைதான் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1962இல் அந்த அம்மையார் நம் திண்டுக்கல்லுக்கே எம்.பி. ஆனதைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மருந்தின் கதையில் ஒரு பிரெஞ்சுச் சங்கதி உண்டு, விட மனமில்லை. ஜெர்மானியர்களின் சிவப்புச் சாயமான பிரான்டோசில் கிருமியைக் கொல்கிறது என்று 1935இல் செய்தி வந்தது. அதே வருஷம் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில், திரெஃபுவெல் தம்பதியும் நித்தியும் போவேயும், கொல்வது சாயமல்ல, உடம்புக்குள் அது உடைந்து வரும் நிறமற்ற சல்ஃபனிலமைடு என்று காட்டினார்கள். சல்ஃபா மாத்திரைகளின் காலம் அப்படித்தான் சூடுபிடித்தது. 1975இல் ஒரு லேடி டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த செப்ட்ரானும் அந்தப் பரம்பரைதான். அவர் முதலில் செய்தது மூத்திரத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியது. பிறகு, "எந்த நாள்ல வருதும்மா?" என்று கேட்டார். ஒரு டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் சொன்ன மற்ற யோசனைகள் எளிமையானவை. நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே, சேர்ந்தபின் எழுந்து போய்விட்டு வா. கடைசி யோசனைக்குப் பலமான ஆதாரம் கிடையாது என்கிறார்கள். செலவும் கிடையாது, கெடுதலும் கிடையாது. தண்ணீருக்கு ஆதாரம் உண்டு. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு வருஷத்தில் சராசரி 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை.

ஆனால் திண்டுக்கல்லில் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆத்தூர் அணைத் தண்ணீருக்குக் குழாயடியில் எத்தனை நாள் காத்திருந்த ஊர் இது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. காலை பத்து மணிக்குப் போனால் மாலை வீட்டுக்கு வந்துதான். அதனால் மதியச் சாப்பாட்டுக்கே அரை டம்ளர் தண்ணீர். நிலக்கோட்டைப் பக்கம் பூப் பறிக்கும் பெண்கள் இருட்டும்வரை அடக்கியதை நினைத்தால் நான் புலம்ப உரிமை இல்லை.

இன்னொன்று தெரியாமலே செய்தோம். குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் எல்லாச் சுவரிலும் சிவந்திருந்த காலம். விந்தணுவைக் கொல்லும் களிம்பும் நுரை மாத்திரையும் உபயோகிப்பவர்களுக்கு இந்தத் தொற்று அதிகம் என்று பிற்பாடு, 1980களிலும் 1990களிலும்தான் ஆய்வுகள் காட்டின. காவல் காக்கும் நல்ல கிருமிகளை அவை கொன்றுவிடுகின்றனவாம். நாங்கள் ஒன்றைத் தடுக்கப் போய் இன்னொன்றை வரவழைத்துக்கொண்டோம்.

திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, சேர்ந்தபின் ஒரே ஒரு மாத்திரை போடும் முறையை 1990இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். சிறிய ஆய்வுதான். மாத்திரை எடுத்தவர்களுக்கு வருஷத்துக்கு 0.3, எடுக்காதவர்களுக்கு 3.6. அந்த மாத்திரையும் செப்ட்ரான் வகைதான். இப்போது நம் நாட்டுக் கிருமிகள் பலவற்றிடம் அது செல்லாக்காசாகிவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்துகிற நம் பழக்கத்துக்கு இதில் பங்கு உண்டு. அதனால் 1890களின் மருந்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள்: ஹெக்ஸமின். புளிப்பான சிறுநீரில் உடைந்து ஃபார்மால்டிஹைடாகிக் கிருமியைக் கொல்வது. தினசரி ஆன்டிபயாடிக்குக்கு இது இளைத்ததல்ல என்று 2022இல் பிரிட்டனில் 240 பெண்களிடம் செய்த ஆய்வு சொன்னது. எரிச்சலுக்குக் குடிக்கும் சிட்ரால்கா போன்ற சிரப் அந்தப் புளிப்பைப் போக்கிவிடும். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் ஹெக்ஸமின் வீண்.

என் வயதுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிலக்கு நின்றபின் இது மறுபடி வந்தால் பழையபடி சூடு என்று வெந்தயத்தோடு விடாதீர்கள். ஹார்மோன் குறைவதால் அந்த இடம் வறண்டு, காவல் கிருமிகள் போய்விடுகின்றன. உள்ளே தடவும் ஈஸ்ட்ரியால் கிரீமை 1993இல் சோதித்தபோது அதைத் தடவாதவர்களுக்கு வருஷத்துக்கு 5.9 முறை வந்தது, தடவியவர்களுக்கு 0.5 முறைதான். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் விலாவில் வலியும் சேர்ந்தால் அது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஓட வேண்டும்.

லேடி டாக்டரிடம் போய்வந்த அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிரெஞ்சுப் பெயரையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்" என்றார். அப்புறம் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். அவர் இருந்தவரை அந்தச் சொம்பு அங்கேயே இருந்தது.