காலந்தாழ்த்தித் தெரியவந்த துவாரம்

யாழ்ப்பாணத்தில் என்னுடன் பணியாற்றிய ஒப்புநோக்குநர் ஒருவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு இரைக்கும். தொய்வு என்றே பல ஆண்டுகள் மருந்து கொடுத்தார்கள். 58ஆவது வயதில் செய்த எக்கோ பரிசோதனையில்தான், இருதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறவியிலேயே துவாரம் இருந்தமை தெரியவந்தது. "இனி மூட இயலாது, நுரையீரல் நாடிகள் தடித்துவிட்டன" என்றார் வைத்தியர். ஏன் இயலாது என்ற கேள்வி என்னை மருத்துவ வரலாற்று நூல்களுக்குள் இழுத்துச் சென்றது.

1897இல் விக்டர் ஐசன்மெங்கர் என்ற ஆஸ்திரிய வைத்தியர் 32 வயது ஆண் ஒருவரின் நோய் வரலாற்றை வெளியிட்டார். சிறு பராயம் முதலே மூச்சுத்திணறலும் உடல் நீலம் பாய்தலும் இருந்தும் ஓரளவு நடமாடி வாழ்ந்தவர் அவர். பிரேத பரிசோதனையில் இருதயத்தின் கீழறைகளுக்கு இடையே பெருந்துவாரம் காணப்பட்டது. (1914இல் சரயேவோவில் கொல்லப்பட்ட இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்டின் வைத்தியரும் இதே ஐசன்மெங்கர்தான். பத்திரிகைக்காரனாகிய எனக்கு அப்பெயர் முதலில் அறிமுகமானது அவ்வழியிலேயே.)

நீலம் ஏன் பாய்கிறது என்பதைத் தெளிவாக விளக்கியவர் போல் வுட். 1907இல் நம் நீலகிரிக் குன்னூரில் பிறந்து, இலண்டனில் புகழ்பெற்ற இருதய வைத்தியர். 1958இல் அவர் கூறியதன் சாரம் இது: இருதயத்தின் இடப்புறத்தில் அழுத்தம் அதிகம். ஆகவே துவாரத்தின் வழியே குருதி வலப்புறம் கசிந்து, அளவுக்கு மிஞ்சி நுரையீரலுக்குப் பாய்கிறது. அச்சுமையைத் தாங்கித் தாங்கி அங்குள்ள நாடிகள் தடித்து ஒடுங்குகின்றன. ஒரு கட்டத்தில் ஓட்டமே திசைமாறி, ஒட்சிசன் குறைந்த குருதி உடலெங்கும் கலக்கிறது. அதன்பின் அத்துவாரமே வலப்புற இருதயத்துக்கு வடிகால். அதை அடைத்தால் நோயாளி பிழைப்பது அரிது.

கீழறைத் துவாரம் பெரிதாயின் பெரும்பாலும் குழந்தையிலேயே தொல்லை தரும். மேலறைத் துவாரம் அப்படியன்று. அங்கே அழுத்தம் குறைவு. கசிவின் ஓசையும் மெல்லியது. ஓடியாடி, மணமுடித்து, பிள்ளை பெற்று, நாற்பதைக் கடந்தபின்னரே பலருக்கு இளைப்பும் படபடப்பும் தொடங்குகின்றன. "வயது போனால் இளைக்கத்தானே செய்யும்" என்று வீட்டார் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலில் எனக்கு இப்போது கோபமே வருகிறது. நாடிகள் தடிக்குமுன் கண்டால், அறுபதிலும் நெஞ்சைத் திறவாமல் குழாய் வழியாகவே பலருக்கு மூடிவிடலாம்.

போல் வுட் 1962இல், தமது 54ஆவது வயதில், மாரடைப்பால் காலமானார். நண்பர் நாடிகளைத் தளர்த்தும் மாத்திரைகளுடன் நடமாடுகிறார். அவருடைய தங்கைக்கும் சில காலமாக இளைப்பு. சென்ற வாரம் அவரைத் தாமே எக்கோ பரிசோதனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்.